நீல விளக்கில் ஒரு பவேரியா தபால்தலை

என் கையிலிருக்கும் பழைய ஜெர்மன் தபால்தலை அசலா, போலியா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பாபநாசத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைகிறேன். இடுப்பில் ஒன்றரை வயது மகள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் கணவர், தன் தாத்தா சேர்த்த, ஜெர்மனியின் பழைய ராஜ்யமான பவேரியாவின் தபால்தலையை மேலதிகாரிக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். புதன்கிழமை விமானத்தில் நான் கொண்டுபோக வேண்டும். "நீல விளக்குல காட்டிப் பாரு. பழைய காகிதம் மங்கலா இருக்கும். பிற்காலத்துல அச்சடிச்ச போலி பளிச்சுனு மின்னும்" என்று போனில் சொல்லியிருக்கிறார்.

கடைக்காரர் கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கைப் போட்டு, வெளி வெளிச்சம் படாமல் தோள் துண்டால் மறைக்கிறார். தபால்தலை மின்னுகிறது.

"போலிதாம்மா."

"உங்க துண்டும் மின்னுதுங்களே?"

அவர் குனிந்து பார்க்கிறார். மகளின் கவுன் அதைவிட மின்னுகிறது.

"அது சலவைத்தூளும்மா. துவைச்ச துணி எல்லாம் இப்படித்தான்." திடீரென்று நிமிர்கிறார். "இதையும் துவைச்சீங்களா?"

பரிசுப்பொருள் அழுக்காக இருக்கக்கூடாதே என்று நேற்றுதான் சலவைத்தூள் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். தலையாட்டுகிறேன்.

"கஞ்சி போட்டீங்களா?"

"இல்லைங்க."

"அந்த மட்டுக்கும் நல்லது."

கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. காகிதத்தில் ஏறிய சலவைத்தூளை எடுக்க வழி தெரிந்தவர்கள் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை அலசிப் பார்க்கலாமா?