ரசூல் பீவி வீட்டுக் கதவு

ராயபுரத்திலிருந்து முகத்துவாரக்குப்பம் வரை சிலுவையம்மாளுக்குத் தெரியாத சந்து கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மீன்கூடையைப் பஸ்ஸில் ஏற்றவிடமாட்டார்கள் என்று முப்பத்தைந்து வருஷம் அந்த வழியைக் காலாலேயே அளந்து, அந்தக் காலாலேயே மாடி வீடும் கட்டியவள். கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்வாள்.

மகன் வில்சனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஒத்தாசைக்கு நாகர்கோவிலிலிருந்து மருமகளின் அம்மா ஷைனி வந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயதில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அதற்குள் ஒரு தரமாவது முப்பது ஓடிப் பார்த்தாக வேண்டும். முடியாவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். போன ஞாயிறு போனில் வழி பார்த்துப் போனவள், பாதியில் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டாள்.

"இன்னா சம்மந்தி, காலு புடிச்சிக்கிச்சா?"

"காலு நல்லாத்தான் இருக்கு. ரோடு பூரா கன்டெய்னர் லாரி. பிறகு..." ஷைனி குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பாத்ரூம் இல்ல பாத்துக்கிடுங்க."

சிலுவையம்மாள் சிரிக்கவில்லை. அவள் படாத அவதியா அது?

"போன்ல ரோடு தெரியும். கதவு தெரியுமா? நான் சொல்றேன் கேளு. லாரி ரோட்ட வுட்டுட்டு உள்தெருவா போ. டோல்கேட்டாண்ட ரசூல் பீவி வூடு. கடைசில முகத்துவாரத்துல கெங்கம்மா வூடு. அங்க திரும்பினா உன் கணக்கு சரியா வரும். ரெண்டு வூட்லயும் என் பேரச் சொல்லு."

"விடியக்காலைல யாரு கதவத் திறப்பா?"

"என் பேருக்குத் தொறப்பாங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே ஒழிய, ஞாயிறு நாலரைக்கு ஷைனி கிளம்பியதும் சிலுவையம்மாள் திரும்பப் படுக்கவில்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வில்சன் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் தலை சுற்றி, ரசூல் பீவி வீட்டுக் கூடத்தில் மத்தியானம் வரை படுத்துக் கிடந்தாள். அன்றைக்குக் கூடையிலிருந்த மீனையெல்லாம் அக்கம்பக்கத்தில் விற்றுக் கொடுத்தவளும் ரசூல் பீவிதான். மாடி வீட்டுக் கதையில் அதை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை.

எட்டேகாலுக்கு ஷைனி வந்து நின்றாள். உடம்பெல்லாம் வியர்வை, கையில் ஒரு துணிப்பை.

"முப்பது முடிஞ்சுது, மைனி. உங்க பேரச் சொன்னதும் ரசூல் பீவியம்மா கதவத் திறந்து வச்சுட்டுத் தெருவுலயே நின்னாங்க. திரும்பி வரும்போதும் அங்கேயே நிக்காங்க, செம்புல தண்ணியோட. நீங்க இல்லன்னா நான் ஓடியிருக்கவே மாட்டேன்." பையை நீட்டினாள். "இந்த இறால் கெங்கம்மா கொடுத்துவிட்டது."

"ஓடப் போனியா, இறால் வாங்கப் போனியா?"

ஷைனி கைக்கடிகாரத்தைக் காட்டினாள். சிலுவையம்மாள் அதைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு இறாலை எடுத்துத் தலையை நிமிண்டிப் பார்த்தாள். ஐஸ் இல்லாமல் பதினைந்து கிலோமீட்டர் வந்த இறால். தலை கழலாமல் கெட்டியாக நின்றது.

"நல்லாத்தான் ஓடிக்கீறே. நானா இருந்தா பத்து நிமிஷம் முன்னாடியே வந்திருப்பேன்."

பாதி இறாலைத் தனியாக ஒரு தூக்கில் எடுத்து வைத்தாள்.

"வில்சா, வண்டிய எடு. டோல்கேட்டாண்ட ரசூல் பீவி வூட்டுக்குப் போணும்."