ஈரத்தோடு மாட்டிய பூட்ஸ்

எங்கள் அப்பா அந்தோணி வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும்தான் வயதானவராகத் தெரிவார். வாசலைத் தாண்டினால் முதுகு நிமிர்ந்துவிடும். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஆட்டுக்குத் தழை ஒடிப்பார், அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பார், அதன் பிறகுதான் உட்காருவார். என் ஒருத்தியை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைக்கத்தான் அத்தனை உழைப்பும். அந்தப் படிப்புதான் என்னை ஜெர்மனிக்குக் கொண்டுபோனது.

அவருக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதல் பூசை முடிந்ததும் ஆலங்காயம் பஸ் ஏறிவிடுவார். அங்கிருந்து மலைப்பக்கம் நடை. அங்கே அவர் ஒன்றும் செய்வதில்லை. நடப்பார், பாறையில் உட்காருவார், அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைத் தின்பார், திரும்பி வருவார். சின்ன வயதில் என்னையும் கூட்டிப்போவார். கால் வலிக்குதுப்பா என்று நான் நின்றால் சிரிப்பார்.

"வலிக்குதுன்னா கால் இருக்குதுன்னு அர்த்தம். நட."

ஐம்பது தாண்டியதும் சுகர் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டார், மலையை விடவில்லை. ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து ஒரு காலில் செருப்பு இல்லாமலே வீடு வந்து சேர்ந்தார். செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "உங்கப்பாவுக்கு இன்னா ஞாபகமோ போ" என்று அம்மா போனில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதம் மரத்துப் போயிருக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். சொன்னால் மலைக்கு விடமாட்டோம் என்பதும் தெரிந்திருக்கும்.

அவர் வேலையை விட்டு வந்தபோது தபரேஸ் மாமா ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார். அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர், அப்பாவுக்கு உயிர்த் தோஸ்த், அவரை விளையாட்டாக மேஜர் என்றே கூப்பிடுவார். அப்பாவின் கால் அளவெடுத்து, மலை ஏறுவதற்கென்றே தானே பார்த்துப் பார்த்துச் செய்தது. கணுக்காலுக்கு மேல் வரை கெட்டித் தோல்.

அப்பா அதை ஒரு ராத்திரி பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டார். பட்டாளத்தில் அவருடைய செட்டு ஆட்கள் புது பூட்ஸைப் பழக்கிய விதம் அது. ஊறவைத்து, ஈரத்தோடு மாட்டி, காலிலேயே காயும் வரை நடந்தால் தோல் பாதத்தின் அச்சுக்கு வந்துவிடும் என்பார்கள். இடையில் கழற்றக்கூடாது. கடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் வந்த தபரேஸ் மாமா பக்கெட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இன்னா மேஜர், நல்ல தோலப் போய் கருவாடு மாதிரி ஊறவெச்சிகீற?"

"நீ தோலப் பாத்தவன். நான் காலப் பாத்தவன். கம்னு இரு" என்றார் அப்பா.

அன்று அவர் ஆலங்காயத்துக்குப் போய் மலை ஏறி இறங்கி, பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தார். வீடு வரும்வரை கழற்றவில்லை. "கொஞ்சங்கூட கடிக்கல. தபரேஸ் கை தங்கக் கை" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வலது காலை உருவினார். சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரல்களும் குதிகாலும் பிய்ந்து போயிருந்தன. அவர் வலியில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பத்து போட்டார்கள். நாலாம் நாள் அம்மா எனக்குப் படம் அனுப்பினாள். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஓரத்தில் கறுப்பு. அன்றே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அங்கிருந்து வந்த ரிப்போர்ட்டை எல்லாம் நான்தான் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். இங்கிலீஷில் மூன்று வரி இருக்கும். தமிழில் சொல்லும்போது ஒரு வரியாகிவிடும்: "நல்லாயிடும்மா, பாத்துக்கலாம்." முதலில் விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே.

ஆபரேஷனுக்கு நான் வந்திருந்தேன். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "மலைக்கு எப்போ போலாம்?" டாக்டர் செயற்கைக் கால் பற்றிச் சொன்னார். புண் ஆறினால்தான் அதை மாட்ட முடியும். புண் ஆறவில்லை.

நான் திரும்பிப் போன பிறகு, போனில் அம்மாவின் குரல் தணிந்துகொண்டே வந்தது. அப்பா கட்டிலில் கிடந்து, இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு கத்துகிறாராம். "பாதம் எரியுது, தண்ணி ஊத்து" என்பாராம். வெட்டி எடுத்த கால் அப்படி வலிக்கும் என்று டாக்டர் சொன்னதாக நான் விளக்கினேன். அம்மா நம்பவில்லை. "இருந்தப்ப வலிக்கல, இப்ப வலிக்குதா? இன்னா நியாயம் இது?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தபரேஸ் மாமா ஆட்டோ பிடித்து அவரை ஆலங்காயம் தாண்டிக் கொண்டுபோனார். அடிவாரத்தில் நிறுத்தி, வீடியோ காலில் என்னையும் கூப்பிட்டார். மழை பெய்து மலை பச்சையாக இருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எறங்கி ஒக்கார்றியா மேஜர்? நான் தூக்கிக்கிறேன்."

"வேணாம். வண்டியத் திருப்பு."

அதற்குப் பிறகு ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை. புண் மேலே ஏறியது. மறுபடியும் வெட்ட வேண்டும் என்றபோது அவர் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டார்.

நான் வந்து சேரும்வரை பெட்டியை மூடவில்லை. முன்னாள் ராணுவத்தினர் நாலைந்து பேர் வந்து சல்யூட் அடித்துவிட்டு, வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெட்டிக்காரர் எங்கள் வழக்கப்படி சட்டை, பேன்ட், கையில் ஜெபமாலை எல்லாம் சரிபார்த்துவிட்டு, "ஷூ எங்கம்மா?" என்று கேட்டார். வாசல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்த தபரேஸ் மாமா உள்ளே வந்தார்.

"அண்ணி, அந்த பூட்ஸ்ல ஒண்ணு நல்லாதான் கீது. தொடச்சி எடுத்தாரட்டா?"

"வேணாம் தபரேஸு" என்றாள் அம்மா. "அது அவருக்கு வேணாம்."

இடது காலுக்கு மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்டார்கள். பெட்டி முழு ஆளுக்கு என்று செய்தது. வலது பக்கம், கீழே, காலியாக இருந்தது. பெட்டிக்காரர் அங்கே பூவைப் போட்டு நிரப்பிவிட்டு மூடியை எடுத்து வரச் சொன்னார்.