ஜீப்பின் பின்பக்கம்

கல்குவாரிக்குப் பிரியும் பாதையின் முனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை எல்லோரும் 'இரும்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்வார். உடைந்த கேட்டைப் பற்றவைக்கக் கொடுத்தால் யானை முட்டினாலும் அசையாதபடி செய்து தருவார். அப்புறம் அதைத் திறக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும்.

அவருடைய ஜீப்பும் அந்த ரகம்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. குவாரிக்குக் கம்ப்ரசரும் துளைக் கம்பிகளும் ஏற்றிப் போவதற்காக ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்து, இருப்பதிலேயே விறைப்பான ஷாக் அப்சார்பர்களை மாட்டியிருந்தார். பாரம் இருந்தால் வண்டி கப்பல்போலப் போகும். வெறும் வண்டியாகப் போனால் குடல் வாய்க்கு வந்துவிடும். "அண்ணன் வண்டியில ஏறினா போதும், கல்லைத் தின்னாலும் செரிச்சிடும்" என்று தம்பி கிண்டல் செய்வான்.

தம்பி அந்தக் குவாரியில்தான் துளை போட்டுக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு ஒன்பது வயது இளையவன். பெற்றவர்கள் போன பிறகு அவனை ஆளாக்கி, கல்யாணமும் செய்துவைத்தார் இரும்பு. தனக்கென்று பெண் பார்க்க நேரம் வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முன்னறையில் அவர், உள்ளே தம்பியும் அவன் மனைவியும்.

ஒருநாள் காலை பத்து மணிக்குப் பாறை விளிம்பு பெயர்ந்து, தம்பி இரண்டு ஆள் உயரத்திலிருந்து மல்லாக்க விழுந்தான். ஆள் வந்து சொன்னதும் இரும்பு ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தார். நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, வண்டியின் பின்பக்கத் தகரத்தில் கிடத்தினார்கள். அடியில் ஒரு சாக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதினோரு கிலோமீட்டர், முழுக்கக் குண்டும் குழியும்.

"அண்ணே, காலெல்லாம் எரியுதுண்ணே" என்று பாதி வழிவரை கத்திக்கொண்டே வந்தான் தம்பி. அப்புறம் கத்தவில்லை. வலி மட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்த இரும்பு இன்னும் அழுத்தி மிதித்தார்.

டாக்டர் உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். கால் அசையவில்லை.

"முதுகுல அடிபட்டவரை இப்படியா அள்ளிப் போட்டுட்டு வருவீங்க? பலகையில வெச்சு அசையாமக் கட்டியில்ல கொண்டு வரணும்? விழுந்ததுல பாதி போச்சு, வழியில பாதி போச்சு." டாக்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். தினம் பார்ப்பதைச் சொல்வதுபோலச் சலிப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இரும்பு அந்த வார்த்தையைத் தம்பி மனைவியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றுமில்லை. மேலே மட்டும் வலி உயிரை எடுத்தது. முதுகில் படுக்கைப்புண் வேறு. கட்டு மாற்றுவதற்கு வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதே ஜீப்பில். மெத்தை போட்டார், மெத்தைமேல் மெத்தை போட்டார். என்ன போட்டும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் தம்பி வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டான்.

மூன்றாவது வாரம் திரும்பி வந்ததும் சொன்னான்: "இனிமே என்னைக் கூட்டிட்டுப் போகாதண்ணே. புண்ணு பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

மறுநாள் காலை இரும்பு தம்பி மனைவியைக் கூப்பிட்டார். அவளுக்கு ஓரளவு வண்டி ஓட்டத் தெரியும்.

"நீ ஓட்டும்மா. நான் பின்னால படுத்துக்கறேன்."

"எதுக்கு மாமா? எனக்கு ரெண்டாவது கியருக்கு மேல பயமாச்சே."

"ரெண்டாவதே போதும்."

மெத்தையை எடுத்துவிட்டு வெறும் தகரத்தில் மல்லாந்து படுத்தார். முதல் பள்ளத்திலேயே பின்மண்டை தகரத்தில் மோதியது. அடுத்ததில் முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாகக் கழன்று மறுபடி கோத்துக்கொண்டது மாதிரி இருந்தது. இரண்டு கிலோமீட்டர் தாண்டவில்லை, பக்கத் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி, சாலையோரம் குந்தி, வெறும் வயிற்றோடு வாந்தியெடுத்தார்.

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இதுக்கே இப்படியா மாமா? அன்னிக்கு நீங்க எந்தக் கியர்ல போனீங்க?"

குத்திக் காட்டினாளா, தெரியாமல்தான் கேட்டாளா என்று அவருக்குப் புரியவில்லை. பாட்டிலை வாங்கி வாய் கொப்பளித்தார்.

அன்றே வண்டியைக் கட்டைமேல் ஏற்றினார். நான்கு ஷாக் அப்சார்பர்களில் பின்பக்கத்து இரண்டும் இறுகிப்போயிருந்தன. கழற்றித் தரையில் வைத்து உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டு அமுக்கினாலும் விரற்கடைகூட உள்ளே போகவில்லை. அவை இருந்ததும் ஒன்றுதான், அந்த இடத்தில் தடிக்கம்பை வைத்துக் கட்டியிருந்தாலும் ஒன்றுதான். துருப்பிடித்த ஒரு போல்ட் மட்டும் எண்ணெய்க்கும் மசியவில்லை, நெருப்புக்கும் மசியவில்லை; ரம்பத்தால் அறுத்தே எடுத்தார். கூடுதல் பட்டைகளை உருவிப் போட்டார். ஆள் மட்டும் ஏறுகிற வண்டிக்கான மென்மையான ஷாக் அப்சார்பர்களை வரவழைத்து, புது ரப்பர் புஷ்களோடு மாட்டினார். டயரில் காற்றைக் குறைத்தார். மூன்று நாள் ஆயிற்று. பிறகு மறுபடி அவளை ஓட்டச் சொல்லி, மறுபடி தகரத்தில் படுத்துப் பார்த்தார். வண்டி குழியில் இறங்கியது, ஏறியது. முதுகுக்குத் தொட்டிலில் ஆடுகிற அளவுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் தம்பியைப் படுக்கவைத்துப் புறப்பட்டார். பாதி வழி போனதும் கண்ணாடியில் பார்த்தார். துண்டு அவன் வாயில் இல்லை, கையில் இருந்தது.

"வலிக்குதாடா?"

"இல்லண்ணே. நல்லாருக்கு."

இரும்பு வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, திரும்பாமல் சொன்னார்: "உன் காலு போனதுக்கு நான்தான்டா காரணம். டாக்டர் சொன்னாரு. நான்தான் உங்கிட்ட மறைச்சேன்."

பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"காலுதாண்ணே போச்சு, காது போகலையே. அவரு சொன்னப்ப நானும் அங்கதான படுத்திருந்தேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன்."

பரவாயில்லை என்று சொல்வான் என இரும்பு காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. "கட்டு மாத்துற நர்சு போயிடும், வண்டிய எடு" என்றான்.

பத்து வாரம் அப்படிப் போய் வந்தார்கள். வழியில் பேச்சும் நடந்தது. சில நாள் தம்பி சிரிக்கவும் செய்தான். ஆனால் புண் எலும்புவரை போயிருந்தது, சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. பதினோராவது வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆறாம் நாள் மத்தியானம் உயிர் பிரிந்தது.

தம்பி மனைவி தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். புறப்படும்போது, "வேளைக்குச் சாப்பிடுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

இரும்பு இன்னும் பட்டறையில்தான் இருக்கிறார். ஸ்பிரிங்குக்குப் பட்டை சேர்க்கச் சொல்லி யாராவது ஜீப் கொண்டுவந்தால், "பின்னால யார் ஏறுவாங்க?" என்று கேட்கிறார். "யாரும் இல்லண்ணே, வெறும் பாரம்தான்" என்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விடுகிறார்.