கொன்செப் மரம்

என் முகவரியில் 'தாமான்' என்று ஒரு சொல் இருக்கிறது. மலாயில் பூங்கா என்று பொருள். மலேசியாவில் அலோர் காஜாவுக்குக் கணக்காளர் வேலைக்கு வந்த புதிதில், பூங்காவில் வீடு கிடைத்திருப்பதாகக் கும்பகோணத்திலிருந்த மனைவியிடம் சொன்னேன். படம் கேட்டாள். சிமெண்டு பூசிய கார் நிறுத்துமிடத்தை எடுத்து அனுப்பினேன். இங்கே வரிசையாக வீடு கட்டினால் அது தாமான். செடி இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. தோட்டம் என்றால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை எஸ்டேட்.

எங்கள் தாமானை அடுத்த தோட்டத்தை அழித்து இப்போது ஒரு நகரம் கட்டுகிறார்கள். 'இயற்கையிலிருந்து பிறந்த நகரம்' என்று பலகை சொல்கிறது. தோட்டத்து வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதனடியில், அந்தத் தோட்டத்திலேயே பிறந்த அஞ்சலை அக்கா நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் வடையும் விற்றார். லோரிக்காரர்கள் மதியம் அங்கே ஒதுங்கியதில் பாதி நிழலுக்காக. மரம் போனால் கடையும் போகும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை (நாள் பிசகுவது எனக்குப் பிடிக்காது) நகரம் கட்டும் நிறுவனத்தின் விளக்கக் கூட்டத்துக்கு அக்கா என்னையும் அழைத்துப் போனார். குளிரூட்டிய கூடாரத்துக்குள் நின்று, சுவர்கள் மூச்சுவிடும், கூரை இலைபோல விரியும் என்றார் கட்டடக் கலைஞர். அக்கா எழுந்து வாசல் மரத்தைப் பற்றிக் கேட்டார். நிறுவனத்து இளைஞர் இனிமையாக மலாயில் சொன்னார்:

"ஜாங்கான் ரிசாவ், அன்ட்டி. கொன்செப் பொக்கோ கித்தா கெக்கால்கான்."

கவலைப்படாதீர்கள், மரத்தின் கொன்செப்பை, அதாவது கருத்தை, அப்படியே வைத்துக்கொள்வோம். அக்கா 'பொக்கோ' என்ற மரத்தையும் 'வைத்துக்கொள்வோம்' என்பதையும் பிடித்துக்கொண்டார். நடுவிலிருந்த கொன்செப்பை ஏதோ ஆபீஸ் மரியாதை என்று விட்டுவிட்டார்.

"கேட்டீங்களா தம்பி? வெட்ட மாட்டாங்களாம் லா!"

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை வெட்டினார்கள். அந்த இடத்தில் இரும்புத் தூண் எழுந்தது. உச்சியில் பச்சைத் தகட்டு இலைகள், இலைக்கு இலை விளக்கு. அக்கா அதே இளைஞரைப் பிடித்து, எங்கே என் மரம் என்றார். அவர் பெருமையோடு தூணைக் காட்டினார்.

"இத்துலா, அன்ட்டி! லெபே சந்தேக்!"

இதுதான், முன்னதைவிட அழகு என்கிறார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இது நெழலு போடுமா தம்பி? கரண்டு போச்சுன்னா லைட்டுகூட போடாது லா."

நான் படித்தவரையில், இயற்கையைப் பார்த்துக் கட்டும் இந்தத் தத்துவம் எளிமையானது. வெயிலை மறிக்க, காற்றை விட, மழையை மண்ணில் இறக்கக் கட்டடம் மரத்திடம் கற்க வேண்டும். தூங்குமூஞ்சி மழைக்கு இலை மடக்கி, தண்ணீரைத் தன் வேருக்கு விடும். இவர்களுடைய இலைக்கூரை தண்ணீரை நடைபாதையில் போகிறவர் தலையில் விடுகிறது. படித்தவர்கள் கூடி மரத்திடம் கற்றுக்கொண்டது அதன் முகவெட்டை மட்டும். எங்கள் ஊரிலும் சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களைச் சாய்த்தார்கள். ஆனால் வெட்டியவர்கள் அதற்குத் தத்துவம் என்று பேர் வைக்கவில்லை.

இப்போது லோரிகள் நிற்பதில்லை. அக்கா தூணுக்கு முதுகு காட்டி, ஐஸ்கிரீம் விளம்பரக் குடையின் கீழ் பாதிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வடை வாங்கப் போனால், குடையைச் சற்றே என் பக்கம் சாய்க்கிறார். அவருடைய தோள் வெயிலுக்குப் போகிறது. நேற்று அங்கே நிற்கும்போது மனைவி அழைத்து, எங்கே இருக்கிறீர்கள் என்றாள். தாமானுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் என்றேன்.

"நல்ல நிழலா இருக்குமே" என்றாள்.

அவள் தமிழில் தோட்டமென்றால் நிழல் இருக்கும். குடையை அக்கா பக்கம் தள்ளிவிட்டு, ஆமாம் என்றேன்.