கடைசி வரிசைக்கு வந்த சமாதானம்

எங்கள் ஊர்ச் சபைக்கு மணி கிடையாது. வாசல் வேம்பில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதை இரும்புக் கம்பியால் தட்டுவார். அன்னவாசல் பக்கம் கண்மாய்க்கரையில் இருந்த ஓட்டுக் கட்டடம்தான் எங்கள் கோயில். அந்தச் சத்தம் தண்ணீரின்மேல் போய், அக்கரைப் பனைகளைத் தொட்டு, சற்றுத் தாமதமாகத் திரும்பி வரும். அக்கரையிலும் ஒரு கோயில் இருக்கிறது, அங்கேயும் யாரோ தட்டுகிறார்கள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அப்பா அந்தச் சபையின் உபதேசியார். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் அவரே. அப்பம் பிட்டுத் திருவிருந்து கொடுக்க மட்டும் புதுக்கோட்டையிலிருந்து போதகர், எங்கள் பெரிய ஐயா, வரவேண்டும். அந்த வருஷம் அவர் வருவதற்கு முன்னால் ஒரு செய்தி வந்தது. ஆள் குறைந்த சபைகளை மூடி, பக்கத்துப் பெரிய சபையோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். எங்களை நேரில் பார்த்துவிட்டு ஐயா முடிவு சொல்வாராம். எங்களிடம் இருந்ததோ இரண்டு பந்திப் பாய்க்கும் நிறையாத ஆட்கள். ஒரு பாயில் ஆண்கள், ஒரு பாயில் பெண்கள், பெண்கள் பாய்க்குப் பின்னால் வெறுந்தரையில் பிள்ளைகள் நாங்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, விராலிமலைச் சந்தையில் ஆடு வாங்கி விற்பவர். கூட்டம் என்றாலே அவருக்கு ஒரு தெம்பு வந்துவிடும்.

"கவலைய விடுங்க மச்சான். டிராக்டர்ல ஆள ஏத்தியாந்து எறக்கிருவேன். பிரியாணின்னா வராம இருப்பானுங்களா?"

"பசிச்சவங்களுக்குச் சோறு போடு மாப்ள, சந்தோசம். தலையக் காட்டுறதுக்குக் கூட்டியாராத."

"சபைய மூடுனப்பறம் யாருக்குப் பிரசங்கம் பண்ணுவீங்க? கண்மாய்க் கொக்குக்கா?"

அடுப்படியில் அம்மா சிரித்தாள். அப்பா எழுந்து போனார். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூட்டத்தைப் பார்த்தால் ஐயா அசந்துபோய் நிஜமான மணியே வாங்கித் தருவார் என்றார். அன்றிலிருந்து என் தூக்கத்தில் ஒரு வெண்கல மணி ஆடிக்கொண்டே இருந்தது.

எங்கள் சபையில் சமாதானம் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. ஜெபம் முடிந்ததும் முன்னால் இருப்பவர் தன் இரண்டு கைகளையும் குவித்து அடுத்தவரின் கைகளுக்குள் வைத்து, "சமாதானம்" என்பார். அவர் தனக்கு அடுத்தவருக்குத் தருவார். பெண்கள் பாயில் அது அம்மாவிடம் தொடங்கி, பாயின் கடைசியில் உட்காரும் அத்தை வழியாகப் பிள்ளைகளுக்கு வரும். அத்தை அப்பாவின் அக்காள். முன்பெல்லாம் அம்மாவை ஒட்டியே உட்காருவாள். ஒரு வருஷமாகத்தான் கடைசிக்குப் போய்விட்டாள். அவளுடைய ஆடு எங்கள் கடலைச் செடியை மேய்ந்த அன்று, "பிள்ளை பெத்திருந்தால்ல பயிரோட அருமை தெரியும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அம்மாவிடமிருந்து கிளம்பிய சமாதானம் பக்கத்தில் வரும்போது அத்தை கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். எங்களுக்கு அது வருவதே இல்லை. நாங்களும் அதைத் தேடவில்லை.

ஐயா வந்த அன்று மாமாவின் டிராக்டரும் வந்தது. ஆட்டுக்காரர்கள், அவர்களுடைய வீட்டுப் பெண்கள், வழியில் ஏறிக்கொண்டவர்கள் என்று கோயில் பிதுங்கியது. கூரையின் கண்ணாடி ஓடு வழியாக இறங்கிய வெயிலில் தூசி பொன்போல மிதந்தது. வெளியே பிரியாணித் தேக்சாவிலிருந்து வந்த வாசனையும் அதில் கலந்து மிதந்தது. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, என் மணியை நான் அந்த வெளிச்சத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். மாமா தூணில் சாய்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சமாதானம் கிளம்பியது. புதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கைமாற்றினார்கள். கடைசியில் அத்தையிடம் வந்தது. கைகள் முந்தானைக்குள் போயின.

ஐயா அப்பத்தை எடுக்கப் போனார். அப்பா ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுக்கணும். சமாதானம் இன்னும் கடைசிக்குப் போகலை."

ஐயா அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்பா அத்தையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

எதுவும் நடக்கவில்லை. வேப்பிலைச் சலசலப்பு மட்டும் உள்ளே வந்து போனது.

"என்னப்பா, கரண்டு போயிருச்சா?" என்றார் ஓர் ஆட்டுக்காரர்.

"சோறு எங்கிட்டுய்யா போடுறாங்க?" என்றார் இன்னொருவர்.

மாமா குனிந்து வந்து அப்பாவின் காதில் சொன்னது எனக்கே கேட்டது. "மச்சான், காரியத்தக் கெடுத்துறாதீங்க. அவங்க சண்டைய சாயங்காலம் பாத்துக்கலாம்."

அப்பா அசையவில்லை. முதலில் ஒருவர் எழுந்தார், அவர் பின்னால் நாலைந்து பேர், பிறகு கூட்டமாக. வாசலில் தட்டுகளின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் மிச்சம் இருந்தவர்களும் போய்விட்டார்கள். என் மணியும் அவர்களோடு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, அழுகையை அடக்கியபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எங்கள் ஆட்கள்தான் இருந்தார்கள். பெண்கள் பாயில் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவே இப்போது நீளமான வெறும் பாய்.

அம்மா எழுந்து நடந்து போகவில்லை. உட்கார்ந்தபடியே அந்தப் பாயில் நகர்ந்து நகர்ந்து போனாள். அத்தைக்கு முன்னால் கைகளைக் குவித்து நீட்டினாள்.

"மதினி, அன்னைக்கி என் வாயி..."

முந்தானை வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெல்ல விலகியது. அத்தை அம்மாவின் கைகளை வாங்கிக்கொண்டாள். பிறகு திரும்பி என் கைகளைப் பிடித்தாள், பிடித்தவள் சீக்கிரத்தில் விடவில்லை. அவள் கைகள் ஈரமாக இருந்தன. புழுக்கத்தில் வேர்த்திருக்கிறது என்று நினைத்து, அவள் விட்டதும் என் கைகளை டவுசரில் துடைத்துக்கொண்டேன்.

ஐயா அப்பத்தைப் பிட்டார். மாமாவின் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறும்போது, சபையை மூடுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "உபதேசியாரே, அடுத்த திருவிருந்துக்கு எப்ப வரட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

கண்மாய்க்கரையில் வீட்டுக்குத் திரும்பினோம். முன்னால் அம்மாவும் அத்தையும் ஒரே குடையில் போனார்கள். எனக்கு அப்பாமேல் ஆத்திரம்.

"இனிமே மணி வராதுல்லப்பா?"

"வராதுடா" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, சத்தம் போட்டுச் சிரித்தார். தண்ணீருக்கு அந்தப்பக்கம் யாரோ திரும்பச் சிரித்தார்கள். மணி வராததற்கு ஒரு மனுஷர் எதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று, வீடு வருகிறவரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.