ஆர் என்றொரு டேக்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. நான் லிஃப்டுக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காபி மெஷினில் எப்போதும் என்னை முந்திக்கொண்டு கப்பை நீட்டும் ஜெபராஜ், "நீங்க முதல்ல எடுங்க அக்கா" என்று ஒதுங்கி நின்றான்.

முகத்தில் ஏதாவது அப்பியிருக்கிறதா?

முகத்தில் இல்லை. கம்ப்யூட்டரில் இருந்தது.

நான் மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். எந்த ஆள் எந்த புராஜெக்ட்டில், எத்தனை மாதத்துக்கு... இதையெல்லாம் பிளானிங் சாஃப்ட்வேரில் போட்டு வைப்பதுதான் என் வேலை. அதில் ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் டேக் போடலாம். துணிக்கடையில் சட்டைக் காலரில் தொங்குமே, அதுபோல ஒரு சின்ன அடையாளச் சீட்டு.

வெள்ளிக்கிழமை என் மேனேஜர் சஜித் சார், சில புராஜெக்ட்களின் பெயரை அனுப்பி, எல்லாவற்றுக்கும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தை டேக்காகப் போடச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தால் விரல் தேய்ந்துவிடும். ஏபிஐ வழியாகப் போட்டேன். பெரிய வித்தை இல்லை — நாம் திரையில் செய்வதை ஒரு குட்டி புரோகிராம் பின்வாசல் வழியாகப் போய் மளமளவென்று முடித்துவிடும். அந்த வாசலைத் திறக்க ஒரு சாவி உண்டு. அது என் பெயரில் இருந்தது.

அதுதான் வினையாகிவிட்டது. டேக் விழுந்த ஒவ்வொரு புராஜெக்ட்டின் கீழும், 'சேர்த்தவர்' என்று என் பெயர்!

ஆர் என்றால் என்ன? எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் தோன்றும். ரிலீஸ். ஜெயிலிலிருந்து ரிலீஸ் என்றால் மாலை போடுவார்கள். புராஜெக்ட்டிலிருந்து ரிலீஸ் என்றால்... அடுத்த புராஜெக்ட் கிடைக்காவிட்டால் வேலையே போச்சு.

சஜித் சாரிடம் ஓடினேன். "சார், ஆர்னா என்ன சார்?"

லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதொண்ணும் சோதிக்கண்டா" என்றார். அதெல்லாம் கேட்காதே என்று அர்த்தம்.

மத்தியானம் செல்வி வந்தாள். மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா அம்மா இன்னும் அங்கே லயத்து வீட்டில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில். அடிவாரத்தில் வித்துராவில் இவள் கட்டும் வீட்டுக்கு இப்போதுதான் சுவர் எழுந்திருக்கிறது. மழைக்கு முன் கூரை போட்டு அவர்களைக் கீழே அழைத்து வந்துவிட வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க புராஜெக்ட்ல ஆர் விழுந்திருக்கு. எங்கள வெளிய எடுக்கப் போறாங்க, அல்லே?"

"தெரியாது செல்வி. போடச் சொன்னாங்க, போட்டேன்."

"உங்க பேருதானே அக்கா இருக்கு?"

அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அங்கே வந்த ஜெபராஜ் அவளைத் தேற்றினான். பாறசாலைக்காரன், நல்ல மனசு. "எங்க புராஜெக்ட்டுக்கு டேக் இல்ல கேட்டியா. பயோடேட்டாவ அனுப்பு. எங்க டீம்ல இடம் இருக்கான்னு கேக்கேன்."

பயம் ஆபீஸோடு நின்றதா? அன்று மாலை ஆரியசாலை கடைத்தெருவில் மளிகை வாங்கப் போனேன். கடைக்காரரின் மருமகன் எங்கள் கம்பெனிதான். "மோளே... அவன் பேரு அதுல உண்டா?" என்று மெல்லக் கேட்டார். துவரம்பருப்பு அளவுக்கு மேலேயே விழுந்தது. ஊரில் எத்தனை பேர் தங்கள் பிழைப்பு என் கையில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்?

புதன்கிழமை செல்வி அழுதுவிட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. "ஒரே வரிதான் செல்வி. உங்க புராஜெக்ட்ல இருந்து மட்டும் அந்த டேக்க எடுத்துடறேன்." புரோகிராமில் அந்த வரியை டைப் செய்தும்விட்டேன். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா. எடுத்தாலும் உங்க பேருதானே வரும்? கண்டுபிடிச்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். எனக்குப் பயமாயிட்டு இருக்கு."

டைப் செய்த வரியை அழித்துவிட்டேன்.

மறுநாள் மீட்டிங். மேலதிகாரி திரையில் வந்தார். ஆர் என்றால் ரிலீஸ் இல்லையாம். ரீடெய்ன். வைத்துக்கொள்ளப்போகும் புராஜெக்ட்கள் அவை. டேக் இல்லாதவற்றை மூடப்போகிறார்கள்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முந்தின நாள் அந்த என்டரைத் தட்டியிருந்தால்? அவள் புராஜெக்ட்டையும் மூடியிருப்பார்கள்.

நம்மிடம் மறைக்கப்படும் எதற்கும் நாம் மோசமான அர்த்தத்தைத்தான் கொடுக்கிறோம். அது தப்பாகிப்போனாலும் நிம்மதி இல்லை. மோசம் வேறொருவர் வாசலில் போய் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஜெபராஜ் மாலையில் என் இடத்துக்கு வந்தான். சிரிக்கப் பார்த்தான்.

"அக்கா, ஒரு ஆர் எங்களுக்கும் போட்டிருக்கப்பிடாதா?"

அவன் பயோடேட்டாவை வாங்கித் தெரிந்த இடங்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

நேற்று சஜித் சார் இன்னொரு வேலை கொடுத்தார். இந்த முறை 'எஸ்'. நான் நகரவில்லை. "அர்த்தம் சொன்னாத்தான் சார் போடுவேன்" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "எனிக்கும் அறிஞ்ஞூடா" என்றார். அவருக்கும் தெரியாதாம். ஆர் போடச் சொன்னபோதும் தெரியாதாம்.

இத்தனை நாளும் அவர் தெரிந்தே மறைக்கிறார் என்று நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன்!