கபூர் காக்கா படகுக்கு லைட் போட்ட கதை

காத்தான்குடியில் ஓட்டோவுக்கு லைட் போடுவதென்றால் அப்துல் கபூர்தான். மூத்தவரைக் காக்கா என்று அழைக்கும் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் அவர் கபூர் காக்கா. கத்தாரில் பதினொரு வருடம் வயர் இழுத்துவிட்டு வந்து கடை திறந்தவர். அவர் கைபட்ட ஓட்டோ பட்டப்பகலிலும் கலியாண வீடு மாதிரி மினுங்கும். மின்சாரத்துக்கு அஞ்சாத அந்த மனிதருக்கு இருந்த ஒரே பயம் தண்ணீர். ஊரார் ஆறு என்று சொல்லும் வாவி அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஐம்பத்திரண்டு வயது வரை அதில் கரண்டைக்காலைக்கூட நனைத்ததில்லை. வாவிக்குக் குறுக்கே இருக்கும் கல்லடிப் பாலத்தை பஸ் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

அப்படிப்பட்டவரைத் தேடி உதயரூபன் வந்தார். சுவிஸில் இருந்து ஊருக்குத் திரும்பியவர், பழைய பாய்ப்படகொன்றை வாங்கிக் கல்லடியில் நங்கூரம் போட்டு வைத்திருந்தார். அதில் இரண்டு பேர் படுக்கக்கூடிய கெபின், அந்தக் கெபினில் ஆறு பல்ப்.

"ரெண்டு மணித்தியாலம் எரிஞ்சாப் பெற்றரி இறங்குது காக்கா. சூட்டுக்கு உள்ளுக்க இருக்கவும் ஏலாது. எல்லாத்தையும் எல்.ஈ.டி.யா மாத்தித் தரணும்."

"அதென்ன பெரிய வேலையா தம்பி. ஓட்டோவும் பன்னிரண்டு வோல்ற்தான், படகும் பன்னிரண்டு வோல்ற்தான். கொண்டுவந்து கடை வாசல்ல விடுங்க."

"பாய்மரமே இருபத்தஞ்சு அடி காக்கா."

ஒப்புக்கொண்ட வேலையைக் கைவிட கபூருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை தோணியில் ஏறினார். படகுக்கு அறுபது அடி தூரம் இருந்தால் அதிகம். உயிர்காப்பு அங்கி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தெரிந்த ஓதலையெல்லாம் ஓதி முடித்தார். அந்தப் பருமனோடு கெபின் வாசலில் இறுகிப் போனார். உதயரூபன் தோளைப் பிடித்து அமுக்கி உள்ளே இறக்கினார்.

வயரைக் கண்டதும் கபூர் வேறு ஆளாகிவிட்டார். முதலில் பெற்றரியைக் கழற்றினார். பழைய பல்ப்புக்கு வயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். எல்.ஈ.டி. பிளஸ், மைனஸ் பார்க்கும். இந்தப் படகிலோ எல்லா வயரும் கறுப்பு. மீற்றரை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, சிவப்பு டேப் சுற்றி, உப்புக் காற்றில் பச்சை பிடித்த முனைகளை வெட்டிச் சுரண்டினார். கீழே தண்ணீர் இருப்பதே மறந்துபோயிற்று.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. மேலிருந்து உதயரூபன் கேட்டார்: "காக்கா, நல்ல காத்து. பாயை விரிச்சுப் பாக்கட்டா?"

கபூரின் வாயில் மூன்று ஸ்க்ரூ இருந்தன. "ம்" என்றார்.

ஆறாவது லைட்டைப் பொருத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டியபோது பாலம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. நாலாபுறமும் தண்ணீர். நீட்டிய தலையை உடனே உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தம்பி, பாலம் ஏன் அங்க போயிட்டுது?"

"நாமதான் இஞ்ச வந்திருக்கம். நீங்க 'ம்' எண்டீங்களே."

"வாயில ஸ்க்ரூ இருந்திச்சு."

அந்த நேரம் பார்த்துக் காற்றும் நின்றது. பாய், கொடியில் காயப்போட்ட சாரத் துணி மாதிரித் தொங்கியது. உதயரூபன் எஞ்சின் சாவியைத் திருப்பினார். ஒரு முக்கல்கூட இல்லை. திரும்பவும் திருப்பினார். அவர் முகத்தில் வேர்வை அரும்பியது.

கபூர் தன் கையைப் பார்த்தார். பெற்றரி வயர் அதில் இருந்தது. தோணியில் ஏறிய பிறகு முதல் தடவையாக அவருக்குத் தைரியம் வந்தது.

"பெற்றரிய நான்தான் கழட்டின. இப்ப கொழுவுறன். ஆனா நேரா கரைக்கு."

"நேரா கரைக்குத்தான் காக்கா."

"மறுகா திரும்பக் காத்து வந்தா?"

"வந்தாலும் பாயைத் தொடமாட்டன்."

"உங்கட மாமாங்கத்துச் சாமியில சத்தியம் பண்ணுங்க."

உதயரூபன் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார். கபூர் வயரைக் கொழுவினார். ஆறு லைட்டும் ஒன்றாக எரிந்தன. எஞ்சின் உறுமியபோது ஒன்றுகூட மங்கவில்லை. கரை வந்து சேரும்வரை கபூர் அவற்றையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

செய்தி பரவி, உல்லாசப் படகுக்காரர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். வேலை செய்து கொடுப்பார். படகை மணலில் இழுத்துப் போட்டால் மட்டும்.

வீட்டில் மனைவி நபீஸா விடவில்லை. "நடு ஆத்துக்கே போய் வந்தீங்களாமே. அங்க எப்பிடி இருந்திச்சு?"

கபூர் யோசித்தார்.

"வயரிங் படு மோசம்" என்றார்.